கடன் கொடுத்தவர்களுக்குக் கூட்டம் உண்டு, வாங்கியவர்களுக்கு?

2025 ஜூன் கடைசியில் ஸ்பெயினின் செவில் நகரத்தில் ஐ.நா. ஒரு மாநாடு கூட்டியது. ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வரும், ஏற்கெனவே வாங்கிய கடனை என்ன செய்வது என்பதுதான் நான்கு நாள் பேச்சு. அந்த வாரம் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தியதாம், காரைக்குடிக்காரர்களுக்கு அதெல்லாம் ஒரு செய்தியா. அமெரிக்கா முன்கூட்டியே விலகிக்கொண்டது. மீதி நாடுகள் ஏற்றுக்கொண்ட ஆவணம் பக்கம் பக்கமாக நீள்கிறது, பெரும்பாலும் 'வலியுறுத்துகிறோம்', 'ஊக்குவிக்கிறோம்' ரகம். அதற்குள் ஒரு சின்ன விஷயம் கிடக்கிறது. கடன் வாங்கிய நாடுகள் தங்களுக்குள் கூடி, பட்ட அனுபவத்தைப் பகிர்ந்து, சேர்ந்து குரல் கொடுக்க ஒரு மன்றம் அமைத்துக்கொள்வது என்று. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த மாநாட்டிலேயே உருப்படியாகத் தெரிந்தது இது ஒன்றுதான். ஏன் என்று சொல்ல ரங்கூன் வரைக்கும் போய்விட்டு வரவேண்டும்.

நம்ம பக்கம் பர்மா என்றாலே விட்டுவிட்டு வந்த சொத்துக் கதையும், 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காட்டு வழியில் நடந்தே வந்து சேர்ந்த கதையும்தான். அதெல்லாம் நடந்ததுதான், குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கதைகளில் அவ்வளவாக வராத ஒரு காட்சி உண்டு. மாதம் ஒருமுறை ரங்கூன் செட்டியார் கோயிலில், செட்டிநாட்டிலிருந்து போன வட்டிக்கடைக்காரர்கள் கூடுவார்கள், கூடி அந்த மாதத்துக்கான நடப்பு வட்டியைத் தீர்மானிப்பார்கள். கடைகளுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு அதுதான் அளவு. அதன் மேல்தான் மற்ற வட்டியெல்லாம் ஏறும். சாமி சன்னதியில் பேசி முடித்தது என்பதால் யாரும் மீறமாட்டார்கள். ஒருவர் சிக்கலில் மாட்டினால் இன்னொருவர் கைகொடுப்பார், கடன்காரரைப் பற்றிய தகவல் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்குப் பார்த்தபோது, பர்மாவில் செட்டியார்கள் கடனாகக் கொடுத்திருந்த தொகை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி. இவ்வளவு பெரிய தொகை இவ்வளவு சுத்தமாக நடந்ததற்குப் பேரேட்டு ஒழுங்கு ஒரு காரணம், அந்தக் கோயில் கூட்டம் இன்னொரு காரணம்.

அந்தக் கூட்டத்தில் பர்மிய விவசாயிக்கு இடமில்லை. அவன் ஐராவதி டெல்டாவில் ஏதோ ஒரு கிராமத்தில் தனியாக வந்து கடன் கேட்பான், தனியாகக் கட்டுவான், முடியாமல் போனால் தனியாகவே தவணை கேட்டு நிற்பான். நியாயமாகச் சொன்னால் உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் வாங்கியதைவிடச் செட்டியார் வட்டி குறைவு என்று அந்த விசாரணைக் குழுவே எழுதியிருக்கிறது. இங்கே வட்டி விகிதம் எனக்குப் பெரிய விஷயமில்லை. யார் சேர்ந்து உட்கார்ந்தார்கள், யார் தனித்தனியாக நின்றார்கள் என்பதுதான்.

1930இல் உலக மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது, கடன் மட்டும் பழைய ரூபாயிலேயே நின்றது. அந்த டிசம்பரில் சாயா சான் என்பவர் தலைமையில் பர்மிய விவசாயிகளின் கலகம் வெடித்தது. கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் திரும்பியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம், 1937 வாக்கில் அது 25 சதவீதம். நிலத்துக்கு ஆசைப்பட்டு அவர்கள் பர்மா போகவில்லை. பணம்தான் அவர்கள் சரக்கு, நிலமாக முடங்கினால் சரக்கு செத்த மாதிரி. விற்கவும் ஆள் இல்லை. கடைசியில் 'அந்நிய நிலச்சுவான்தார்' என்ற பெயரும், அந்தப் பெயரோடு சேர்ந்த வெறுப்பும்தான் மிஞ்சின. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது, 1948இல் சுதந்திரம் வந்த கையோடு நிலம் நாட்டுடைமை, 1960களில் ராணுவத் தலைவர் நெ வின் ஆட்சியில் மிச்சம் மீதி கடை கண்ணியும் போயிற்று. 1930, 31லேயே உட்கார்ந்து 'விலை பாதியாகிவிட்டது, கடனையும் பாதியாக்கிக்கொள்வோம்' என்று பேச ஒரு இடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாருக்குத் தெரியும். அப்படி ஒரு இடம் இல்லை, அது மட்டும் தெரியும்.

இன்றைக்கும் இல்லை. இதுதான் நான் சொல்ல வந்தது.

நான் வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன். ஒரு கம்பெனி நொடித்தால் என்ன செய்வது என்பதற்கு ஊரில் சட்டம் இருக்கிறது. 2016 திவால் சட்டத்தின்படி தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கடன் கொடுத்தவர்கள் எல்லாரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கலாம், எவ்வளவு வெட்டுவது என்று முடிவான பிறகு ஒருத்தர் மட்டும் 'எனக்கு முழுசா வேணும்' என்று தனியாக வழக்குப் போட முடியாது. சின்னக் கடன்களுக்கு ஒன் டைம் செட்டில்மென்ட் இருக்கிறது. ஆனால் ஒரு நாடு நொடித்தால்? எந்த நீதிமன்றமும் கிடையாது. 2001இல் சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப்.பின் துணை நிர்வாக இயக்குநர் ஆன் க்ரூகர் நாடுகளுக்கென்று ஒரு திவால் முறை வேண்டும் என்று முன்வைத்தார். அவர் புரட்சிக்காரர் இல்லை, சந்தைப் பொருளாதாரத்தில் ஊறியவர். அமெரிக்காவும் வால் ஸ்ட்ரீட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, 2003இல் அது ஊத்திமூடிக்கொண்டது.

கடன் கொடுத்தவர்கள் பக்கம் பாருங்கள். 1956இல் அர்ஜென்டினா கட்ட முடியாமல் நின்றபோது பணம் கொடுத்த அரசுகள் பாரிஸில் கூடின. அதற்கு பாரிஸ் கிளப் என்று பெயர், இன்று 22 நிரந்தர உறுப்பினர்கள். இதுவும் கிட்டத்தட்ட ரங்கூன் கோயில் கூட்டம்தான், சாமி மட்டும் இல்லை. நாடுகள் சந்தையில் விற்கும் கடன் பத்திரங்களை வாங்கிய தனியார் நிதி நிறுவனங்களும் ஒவ்வொரு முறையும் தங்களுக்கென்று ஒரு குழு அமைத்துக்கொண்டு, பெரிய வக்கீல்களோடு வருகின்றன. எதிர்ப்பக்கம் ஒரு நிதியமைச்சர், அவருடைய செயலாளர், கையில் அன்னியச் செலாவணி தீர்ந்துபோன ஒரு மத்திய வங்கி.

இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பி கேட்டான்: "ஏண்ணே, வாங்குனா கட்டணும்ல? இலங்கைக்காரன் சீனாக்காரன்கிட்ட வாங்கித் தின்னுட்டு இப்ப உலகம் சரியில்லேன்னா எப்படி?" இந்தக் கேள்வி அவனுடையது மட்டுமில்லை, குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் ஓடுகிறது. கட்டவேண்டும்தான். ஆனால் கணக்கைப் பார்க்கலாமே. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை 'வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது' என்று அறிவித்தபோது மொத்த வெளிக்கடன் சுமார் 5,100 கோடி டாலர். அதில் சந்தையில் விற்ற டாலர் பத்திரங்கள் மட்டும் சுமார் 1,250 கோடி, சீனாவுக்குத் தரவேண்டியதைவிட நிறையவே அதிகம். வட்டியும் அந்தப் பத்திரங்களில்தான் அதிகம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்கு விட்டு வாங்கிய 112 கோடி டாலரும் துறைமுகக் கடனுக்குக் கழிக்கப்படவில்லை, செலாவணிக் கையிருப்பில்தான் சேர்ந்தது. 2019இல் வரியைக் கண்மூடித்தனமாகக் குறைத்தது, ஒரே நாளில் ரசாயன உரத்தைத் தடை செய்தது என்று ராஜபக்சேக்கள் செய்த கூத்து தனி, அதை யாரும் மறைக்கவேண்டாம். ஆனாலும் அதிக ஆபத்து என்று சொல்லி அதிக வட்டி வாங்கிய நிதி நிறுவனம், அந்த ஆபத்து நிஜமாகவே வந்து நிற்கும்போது 'எனக்கு நஷ்டமே வரக்கூடாது' என்று சொல்வது என்ன நியாயம் தம்பி? ரிஸ்க்குக்குத்தானே அந்த வட்டி?

அப்புறம் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லாம் வெளிச்சமாகிறது. ஐ.எம்.எஃப். 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, 1965இலிருந்து எண்ணினால் இலங்கைக்கு இது 17வது திட்டம். அந்த ஒப்புதலுக்கு, ஏற்கெனவே கடன் கொடுத்தவர்களிடமிருந்து கடனைச் சீரமைப்போம் என்று முதலில் உறுதி வாங்கி வா என்றார்கள். இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் தலைமையில் ஒரு குழு. சீனா அதில் சேராமல் தனியாகப் பேசியது. பத்திரக்காரர்கள் இன்னொரு பக்கம். செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் என்ற தீவு நாட்டில் இருக்கும் ஹாமில்டன் ரிசர்வ் வங்கி, தன் கையில் இருந்த 25 கோடி டாலர் பத்திரத்தை முழுசாகக் கொடு என்று 2022லேயே நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டது. அரசுகளோடு ஒப்பந்தம் 2024 ஜூனில், பத்திரக்காரர்களோடு முடிந்தது அந்த டிசம்பரில். திவாலாகி இரண்டரை வருடத்துக்கும் மேல். அசலில் 27 சதவீதம் வெட்டினார்கள், ஆனால் இலங்கைப் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் பத்திரக்காரர்களுக்குக் கூடுதலாகத் தரவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் கூடவே. இதற்கிடையில் அங்கே வாட் வரி 18 சதவீதமாகியது, மின்கட்டணம் ஏறியது, வறுமை விகிதம் உலக வங்கிக் கணக்குப்படி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 2022 மார்ச்சில் தனுஷ்கோடி மணல்திட்டில் கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர்களை நாம் பார்த்தோம். தமிழ்நாட்டிலிருந்து 40 ஆயிரம் டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் கப்பலில் போயின. அந்த உதவியைப் பற்றிப் பெருமையாகப் பேசிய அளவுக்கு நியூயார்க் வழக்கைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

வழக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. 2012 அக்டோபரில் அர்ஜென்டினாவின் கடற்படைப் பயிற்சிக் கப்பல் ஒன்று கானா நாட்டின் தேமா துறைமுகத்துக்குப் போனது. கப்பலை அப்படியே பிடித்துவைத்துவிட்டார்கள். அர்ஜென்டினாவின் பழைய பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி வைத்திருந்த எலியட் என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தின் கிளை போட்ட வழக்கு. ஒரு நாட்டின் போர்க்கப்பலை ஜப்தி! ஐ.நா. கடல் சட்டத் தீர்ப்பாயம் விடச் சொல்லித்தான் விட்டார்கள். அந்த நிறுவனம் சளைக்கவில்லை, 2016இல் கொழுத்த லாபத்தோடு சமரசம் செய்துகொண்டது.

சரி, எப்போதுமே இப்படித்தானா என்றால் இல்லை. 1953இல் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் கடனைப் பற்றிப் பேசினார்கள். எல்லாருமாக உட்கார்ந்து ஏறத்தாழ பாதிக் கடனைத் தள்ளுபடி செய்தார்கள், மீதியையும் அந்த நாட்டால் முடிந்த அளவுக்கு நீட்டிவிட்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் கடன் கொடுத்தவர்கள் பக்கம் கையெழுத்திட்ட நாடுகளின் பட்டியலில் சிலோனும் இருக்கிறது. இரண்டு உலகப் போரை நடத்திய நாட்டுக்கு அன்று காட்டிய பெருந்தன்மை, உரத்தடையில் சறுக்கிய நாட்டுக்கு இன்று கிடையாது. அன்று ஜெர்மனியை நிமிர்த்தியாகவேண்டிய அவசியம் அமெரிக்காவுக்கு இருந்தது, சோவியத் பயம். இன்று அப்படி அவசியம் எந்த ஏழை நாட்டைப் பற்றியும் யாருக்கும் இல்லை.

அப்போ வாங்கியவர்கள் ஏன் இதுவரைக்கும் சேரவில்லை? முயற்சி பண்ணாமல் இல்லை. 1984இல் 11 லத்தீன் அமெரிக்க நாடுகள் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் கூடின. கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகப் பேச்சு நடத்தினார்கள், அந்தக் கூட்டணி பல் இல்லாமலே முடிந்தது. 1987 ஜூலையில் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் முன்னால் புர்கினா ஃபாசோவின் அதிபர் தாமஸ் சங்காரா எழுந்து, நாம் சேர்ந்து கடனை மறுக்கவேண்டும், புர்கினா ஃபாசோ மட்டும் மறுத்தால் அடுத்த மாநாட்டுக்கு நான் இருக்கமாட்டேன் என்றார். அந்த அக்டோபர் 15 அன்று அவரைக் கொன்றுவிட்டார்கள். கடனுக்காகத்தான் கொன்றார்கள் என்று சொல்லவில்லை, உள்நாட்டுச் சதி அது. ஆனால் அப்புறம் அந்த மேடையில் அப்படிப் பேச ஆள் வரவில்லை.

இப்போது துப்பாக்கி தேவைப்படுவதில்லை, கடனைக் கட்டுவார்களா என்று நாடுகளுக்கு மார்க் போடும் ரேட்டிங் போதும். 2021 ஜனவரியில் எத்தியோப்பியா, ஜி20 நாடுகள் புதிதாகத் தொடங்கிய 'பொதுச் சட்டகம்' வழியாகக் கடனைச் சீரமைக்கப் போகிறேன் என்று சொன்ன மாத்திரத்தில் அதன் பத்திரங்கள் விழுந்தன, தரமதிப்பீடும் இறங்கியது. பார்த்த மற்ற நாடுகள் வாயைத் திறப்பார்களா? பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டிய பணத்தில் வட்டி கட்டிக்கொண்டு மரியாதையாக இருப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். ஐ.நா. வர்த்தக அமைப்பான அங்டாட் சொல்வதைக் கேளுங்கள்: கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவழிப்பதைவிட வட்டிக்கு அதிகம் கொடுக்கும் நாடுகளில் வாழ்பவர்கள் 340 கோடிப் பேர். இதில் வெளிக்கடன் வட்டியோடு உள்நாட்டுக் கடன் வட்டியும் சேர்ந்ததுதான், இருந்தாலும் உலகில் ஐந்தில் இரண்டு பேர்.

உதவி நிதி என்ற ஒன்று இருந்ததே, அது என்ன ஆயிற்று என்று கேட்கலாம். பணக்கார நாடுகள் வருமானத்தில் 0.7 சதவீதம் தருவது என்று 1970இல் ஐ.நா.வில் தீர்மானம் போட்டது, விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளைத் தவிர யாரும் எட்டவில்லை. பிரிட்டன் 0.5இலிருந்து 0.3க்கு இறங்கப் போவதாக அறிவித்துவிட்டது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 அன்று அதிகாரபூர்வமாக மூடப்பட்டது, செவிலில் மாநாடு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில். இதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே விடுகிறேன்.

இப்போது நம்ம வீட்டுக் கதை. 1944இல் ஐ.எம்.எஃப்.பும் உலக வங்கியும் பிறந்த பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து போன குழுவில் ஆர். கே. சண்முகம் செட்டியார் இருந்தார். (நம்ம பக்கத்தில் சிலர் அவரையும் செட்டிநாட்டுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள், அவர் கோயம்புத்தூர்க்காரர்.) அன்று இந்தியா கடன் கொடுத்த நாடு. போருக்காகப் பிரிட்டன் நம்மிடம் வாங்கித் திருப்பாமல் வைத்திருந்த ஸ்டெர்லிங் பாக்கியை என்ன செய்வது என்று நம் குழு கேட்டது, அது இங்கே பேசவேண்டிய விஷயமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1991இல் நாமே நொடிக்கும் நிலைக்கு வந்து, 47 டன் தங்கத்தை பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு அடமானமாக அனுப்பினோம். நகையை அடகு வைத்துவிட்டு வந்த வீட்டில் அன்று ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வருடம் மறக்காது. இன்று மறுபடி கடன் கொடுக்கும் நாடு, 2022இல் மட்டும் இலங்கைக்குச் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தோம்.

ஐ.எம்.எஃப்.பில் நம் வாக்கு 2.6 சதவீதம் சொச்சம், அமெரிக்காவுக்கு 16.5 சதவீதம். பெரிய முடிவுகளுக்கு 85 சதவீதம் வேண்டும் என்று விதி வைத்திருப்பதால் அமெரிக்கா தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது. 2023 டிசம்பரில் எல்லாருடைய பங்கையும் ஒரே அளவில் 50 சதவீதம் ஏற்ற முடிவு செய்தார்கள், அதாவது யார் எவ்வளவு பெரியவர் என்பது அப்படியே. இதை எதிர்த்து தில்லி வருடா வருடம் பேசுகிறது, பேசவும் வேண்டும். ஆனால் ஒன்று பாருங்கள். ஐ.எம்.எஃப். நிர்வாக சபையில் இந்தியாவின் நாற்காலி இந்தியாவுக்கு மட்டுமில்லை. வங்கதேசம், பூட்டான், இலங்கை மூன்றுக்கும் சேர்த்துத்தான். அதாவது வாஷிங்டனில் இலங்கைக்காகப் பேசும் தொகுதியை நடத்துவது இந்தியா, அதே இலங்கைக்குக் கடன் கொடுத்தவர்கள் குழுவுக்கு இணைத் தலைமையும் இந்தியா. இதில் சதி ஒன்றும் இல்லை, நாம் உதவியதும் நிஜம், முதலில் உறுதி கொடுத்ததும் நாம்தான். இருந்தாலும் கொழும்பிலிருந்து பார்க்கிற ஒருத்தருக்கு இது எப்படித் தெரியும்? மேஜையின் இரண்டு பக்கமும் ஒரே ஆள்.

கடன் வாங்கிய நாடுகளின் மன்றம் என்று செவிலில் சொன்னதை தில்லி எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதுதான் எனக்கு இப்போது ஆவல். 'உலகளாவிய தெற்கின் குரல்' என்று மேடை மேடையாகச் சொல்கிறோம், 2026இல் பிரிக்ஸ் தலைமையும் நம்மிடம். அந்த மன்றத்தில் நாம் உட்கார்ந்தால் கடன் கொடுத்தவர் என்ற முறையில் சங்கடம், உட்காராவிட்டால் தெற்கு என்ற பேச்சு வெறும் பேச்சு. குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். நாம் கொடுத்த கடன்களின் நிபந்தனைகளை முழுசாக வெளியிடலாம். சீனாவின் ரகசிய ஒப்பந்தங்களைக் குறைசொல்கிறோமே, அதைச் சொல்லும் உரிமை அப்போதுதான் வரும்.

இலங்கை அரசுகளுக்குத் தரவேண்டிய அசலை 2028இலிருந்து மறுபடி கட்டத் தொடங்கவேண்டும். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் அடித்து 600 பேருக்கு மேல் போய், சாலையும் ரயில் பாதையும் பெயர்ந்து கிடந்தபோதும் அந்தத் தேதி மாறவில்லை. அதற்குள் இந்த மன்றம் உருப்படியாக ஒரு கூட்டமாவது போட்டிருக்குமா, இல்லை செயலகத்தை எந்த ஊரில் வைப்பது, செலவு யாருடையது என்ற பேச்சிலேயே நிற்குமா என்று தம்பி கேட்டான். பாரிஸ் கிளப்புக்கு முதல் கூட்டம் போட ஒரு நாடு நொடித்ததே போதுமானதாக இருந்தது என்றேன்.